பிள்ளையைக் கைவிட்டது யார்?

“கைக்குழந்தையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா?”

இந்தச் சொல்லை நாம் திருமண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறோம். பள்ளிவாசலின் ஹவ்ளருகே ஒளூச் செய்து கொண்டிருந்த பெரியவர்களின் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். மார்க்கம் கற்றவர்கள் என்று சமுதாயம் மதிக்கிற சிலர் மேடையேறி ஒலிபெருக்கியில் முழங்கவும் கேட்டிருக்கிறோம். சொல்கிறவருக்கு இது எளிது. ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தாம் பந்தியில் அமர்ந்து பிரியாணியைச் சுவைக்கலாம். குழந்தை அழுதால் அது அவள் குற்றம். குழந்தை மெலிந்தால் அதுவும் அவள் குற்றம். தந்தையும், குடும்பமும், ஜமாஅத்தும், மஹல்லாவும் குற்றமற்றவர்கள்!

இந்தத் தீர்ப்பை நாம் மறுக்கிறோம். சமுதாயத்தின் பெயரால் மட்டுமன்று, மார்க்கத்தின் பெயராலேயே மறுக்கிறோம். மறுக்குமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம். நாமும் ஒரு காலத்தில் இதே தீர்ப்பை வழங்கியவர்கள்தாம்.

சில ஆண்டுகளுக்கு முன் பெண்களுக்கான பயான் ஒன்றில் தாய்மையின் சிறப்பைப் பற்றிப் பேசினோம். பேச்சின் வேகத்தில், சம்பளத்துக்காகத் தொட்டிலைத் துறந்து செல்லும் தாய்மார்களைக் கடுமையாகச் சாடினோம். பயான் முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து ஒரு துண்டுத்தாள் வந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. “ஹழ்ரத், சென்ற மாதம் தங்கள் மகளுக்குப் பேறு பார்த்த பெண் மருத்துவருக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. அன்று இரவு அந்தக் குழந்தை யாரிடம் இருந்தது என்று தாங்கள் விசாரித்தீர்களா?”

நாம் விசாரிக்கவில்லை. நம் மகளுக்கு வலி கண்ட அந்த இரவில் நாம் வற்புறுத்தியது ஒன்றைத்தான். ஆண் மருத்துவர் கூடாது, பெண் மருத்துவரே வரவேண்டும் என்றோம். அவர் வந்தார். விடியும் வரை இருந்தார். தாயையும் பிள்ளையையும் நலமாகப் பிரித்துக் கொடுத்தார். அவர் பிள்ளையைப் பற்றி நாம் எண்ணவே இல்லை. அந்தத் தாளைப் படித்த பின்புதான் விசாரித்தோம். அதே மருத்துவமனையில் பணிபுரியும் ஒரு கிறிஸ்தவச் செவிலியரின் வீட்டில் அந்தக் குழந்தை உறங்கிக் கொண்டிருந்ததாம். அந்தச் செவிலியருக்கும் ஒரு சிறு குழந்தை. அவருக்கு இரவுப் பணி வரும் நாளில் அவருடைய குழந்தை மருத்துவரின் வீட்டில் உறங்குமாம். இரண்டு தாய்மாரும் தமக்குள் செய்து கொண்ட ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டின் மீதுதான் நம் பேரப்பிள்ளை பூமிக்கு வந்திருக்கிறான்!

அன்று வெட்கினோம். அந்த வெட்கமே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

அழைத்தவர் யார்?

நம் பெண்மக்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்கிறோம். அவர்களுக்குக் கல்வி புகட்டப் பெண் ஆசிரியை வேண்டும் என்கிறோம். பெண்கள் அரபிக் கல்லூரியில் ஓதிக்கொடுக்க ஆலிமாக்கள் வேண்டும் என்கிறோம். மய்யித்தைக் குளிப்பாட்டவும் பெண்ணே வேண்டும். இவை யாவும் நியாயமான தேவைகள். சமுதாயத்தில் சிலரேனும் நிறைவேற்றியாக வேண்டிய இத்தகைய தேவைகளை ஃபர்ழு கிஃபாயா என்கிறார்கள் நம் இமாம்கள். யாரும் நிறைவேற்றவில்லையானால் எல்லோரும் குற்றவாளிகள். அவ்வாறானால், நம் அனைவரின் கடமையையும் தம் தோளில் சுமந்து செல்கிற இந்தப் பெண்கள் எங்கிருந்து வருவார்கள்? வானத்திலிருந்தா? அவர்களும் பெண்களே. மணமாகும், கருவுறுவார்கள், பெறுவார்கள். பேறுகால விடுப்பு முடிந்ததும் தொட்டிலுக்கும் பணிக்கும் நடுவே நிற்பார்கள். அழைத்தவர்கள் நாம். வந்தபின், “பிள்ளையை ஏன் விட்டு வந்தாய்?” என்று கேட்பவர்களும் நாமே!

இது கற்ற பெண்களைப் பற்றிய பேச்சு. வயிற்றுப்பாட்டுக்காக உழைப்பவர்களின் நிலையோ வேறு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் சென்று பாருங்கள். தோலும் காலணியும் அந்த ஊர்களின் உயிர்மூச்சு. காலணித் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் வரிசை வரிசையாக அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் நம் வீட்டுப் பெண்களும் உண்டு. அண்டை வீட்டுச் சகோதர சமயப் பெண்களும் உண்டு. மேலப்பாளையத்தில் நிலை இன்னொரு விதம். அங்கே பெண்கள் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் அமர்ந்து பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், பக்கத்தில் கைக்குழந்தை. அந்தத் தூளின் நெடியைத்தான் அந்தப் பிஞ்சு நுரையீரலும் சுவாசிக்கிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். பீடி சுற்றும் தாயை நம்மில் யாரும் ஏசுவதில்லை. “வீட்டோடு இருந்து சம்பாதிக்கிறாள், நல்ல பெண்” என்று பாராட்டுகிறோம். அவள் குழந்தை புகையிலைத் தூளில் புரண்டாலும் நமக்குக் கவலையில்லை. ஆனால் ஓர் ஆசிரியை தன் குழந்தையைத் தூய்மையான ஓரிடத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றால் சீறுகிறோம். அப்படியானால் நம் கோபம் குழந்தையின் பொருட்டு எழுந்ததன்று. அவள் தாண்டிய வாசற்படியின் பொருட்டு எழுந்தது. குழந்தையை நாம் ஒரு சாக்காகப் பிடித்துக் கொண்டிருக்கிறோம்.

நான்கு தாய்மார்

நாம் அறிந்த ஓர் ஊரில், ஒரு பெண்கள் பள்ளியில், ஏறத்தாழ ஒரே பருவத்தில் நான்கு ஆசிரியைகளுக்குக் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து ஒருவர் பின் ஒருவராகப் பணிக்குத் திரும்பினார்கள். முதலில் திரும்பியவருக்குத்தான் துன்பம் அதிகம். பாடம் நடத்திக் கொண்டிருக்கும்போதே மார்பு கனத்து ஆடை நனையும். நெஞ்சிலிருந்து துப்பட்டாவை எடுக்க முடியாமல் மாணவிகளுக்கு முதுகைக் காட்டியபடி கரும்பலகையில் எழுதிக் கொண்டிருப்பார். ஆய்வுக்கூடத்தின் சாமான் அறையில் கதவைத் தாழிட்டுப் பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டு அழுதிருக்கிறார். பிள்ளைக்கு உரிய உணவை மண்ணில் ஊற்றுகிற தாயின் அழுகை அது.

அவர் பட்டதை அடுத்தவர் படவேண்டாம் என்று அவரே முன்வந்தார். இரண்டாமவர் திரும்புவதற்கு முன்னிரவு அவர் வீட்டுக்குச் சென்று அமர்ந்தார். பாலைத் தூய கிண்ணத்தில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் 4 நாள் வரை கெடாது என்பதைச் சொல்லிக் கொடுத்தார். புட்டி வேண்டாம், நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையே போதும், அதைச் சுடுநீரில் கழுவுவது எளிது என்று காட்டினார். பணிக்குத் திரும்பிய மூன்றாம் நாள் அந்த இளம்பெண் ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்துக் கொண்டு, “லாத்தா, என்னால் முடியவில்லை” என்றாராம். “முதல் இரண்டு வாரம் நெருப்பு. நானும் அதில் நடந்துதான் வந்தேன். இந்தக் கடிதத்தை என்னிடம் கொடு. பதினைந்தாம் நாள் நீ கேட்டால் திருப்பித் தருகிறேன்” என்று வாங்கி வைத்துக் கொண்டாராம் மூத்தவர். பதினைந்தாம் நாள் அந்தப் பெண் கேட்கவில்லை.

நால்வரும் சேர்ந்தபின் ஏற்பாடு விரிந்தது. பள்ளிக்கு அடுத்த தெருவில் தனித்து வாழ்ந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் நான்கு தொட்டில்கள் கட்டப்பட்டன. அவருக்கு நால்வரும் பங்கிட்டு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். தலைமையாசிரியை இசைந்து, நால்வருக்கும் ஓய்வு வேளை ஒரே நேரத்தில் அமையாதபடி கால அட்டவணையை மாற்றிக் கொடுத்தார். ஆகவே ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு தாய் அந்த வீட்டுக்குச் சென்று நான்கு குழந்தைகளையும் பார்த்து வர முடிந்தது. சாமான் அறையில் ஒரு திரையும் ஒரு நாற்காலியும் வந்தன. ஒவ்வொருவரின் கிண்ணத்திலும் பெயரும் நாளும் எழுதி ஒட்டினார்கள். பால் மாறிவிடக் கூடாதல்லவா? ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு வயதுக்குள் ஐந்து முறை தனித்தனியாகப் பருகினால் பால்குடி உறவு ஏற்பட்டுவிடும். ஹனஃபி மத்ஹபில் ஒரு முறையே போதும். பாலாடையில் புகட்டினாலும் சட்டம் அதுவே. இதை ஒரு மௌலவியிடம் கேட்டறிந்து அவர்கள் பேணிய கவனத்தை நினைத்தால், மார்க்கப் பற்றில்லாதவர்கள் என்று அவர்களைத் தூற்றியவர்கள் தலைகுனிய வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஜமாஅத்தின் பங்கு என்ன? ஒன்றுமில்லை. கணவன்மாரின் பங்கு? இருவர் காலையில் குழந்தையைக் கொண்டு சேர்த்தார்கள். மற்ற இருவர் அதுவும் செய்யவில்லை. ஆகவே அந்த மூதாட்டி ஒரு மாதம் நோயுற்றுப் படுத்தபோது எல்லாம் சரிந்தது. மூவர் எப்படியோ சமாளித்தார்கள். நான்காமவர், கணிதம் கற்பித்தவர், வேலையை விட்டார். அந்த ஆண்டு 10-ஆம் வகுப்பில் படித்த நம் பெண்பிள்ளைகளுக்குப் பல மாதங்கள் கணித ஆசிரியை இல்லை. அதே மாதத்தில் அவ்வூர் ஜமாஅத்துக் கூட்டம் மணமண்டபத்துக்குக் குளிர்சாதனம் பொருத்துவது குறித்து இரண்டு மணி நேரம் விவாதித்தது. நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம். குழந்தைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை.

திருமறை யாரை நோக்கிப் பேசுகிறது?

தாய் இரண்டு ஆண்டு பாலூட்ட வேண்டும் என்று திருமறை சொல்லவில்லையா என்று கேட்பார்கள். சொல்கிறது. அல்பகறா அத்தியாயத்தின் 233-ஆம் வசனத்தை எடுத்துக் காட்டுவார்கள். நம் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த வசனத்தை முதல் வரியோடு நிறுத்தாமல் முழுமையாக ஓதுங்கள்.

இரண்டு முழு ஆண்டுகள் என்ற வரம்பு, பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு என்ற நிபந்தனையோடு வருகிறது. அடுத்த சொல்லிலேயே கடமை தந்தையின் மீது திரும்புகிறது. தாயின் உணவும் உடையும் அவன் பொறுப்பு. எந்த ஆன்மாவும் தன் சக்திக்கு மீறிச் சுமத்தப்படலாகாது என்ற பொதுவிதி இங்கேதான் நினைவூட்டப்படுகிறது. பிள்ளையின் காரணமாகத் தாய் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்று தடை விதிக்கப்படுகிறது. தந்தை இல்லையென்றால் பொறுப்பு வாரிசின் மீது செல்கிறது. பால்குடியை முன்னதாக நிறுத்துவதானால் இருவரும் மனமொத்துக் கலந்தாலோசித்துச் செய்யலாம், குற்றமில்லை. வேறொருத்தியைக் கொண்டு பாலூட்டச் செய்வதானால் அவளுக்குரியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும், அதிலும் குற்றமில்லை. ஒரே வசனத்தில் தாய், தந்தை, வாரிசு, செவிலித்தாய் என எத்தனை பேர் வந்துவிட்டார்கள், பார்த்தீர்களா? ஒரு குழந்தையைச் சுற்றி இறைவன் ஒரு மனித வட்டத்தையே நிறுத்துகிறான். நாமோ அந்த வட்டத்தைக் கலைத்துவிட்டு, நடுவில் ஒருத்தியை மட்டும் நிறுத்தி அவள் மீது கல்லெறிகிறோம்.

நம் இமாம்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் நாம் ஓதிய மின்ஹாஜ் நூலில் இமாம் நவவி (ரஹ்) எழுதியிருப்பதன் கருத்து இது: பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலைக் கொடுப்பது தாயின் மீது கடமை. அதன்பின் அவளையன்றி வேறு யாரும் கிடைக்காவிடில் அவள் மீது கடமை. வேறு பெண்ணும் இருப்பாளாயின் தாயைக் கட்டாயப்படுத்த முடியாது. ஹனஃபி இமாம்களோ, பாலூட்டுதல் தாயின் மீது மார்க்க நோக்கில் கடமை, ஆயினும் மாற்று வழி இருக்கும்போது காஜி தீர்ப்பளித்து அவளைக் கட்டாயப்படுத்த முடியாது என்றார்கள். இவர்கள் தாய்ப்பாலின் மதிப்பை அறியாதவர்களா? சீம்பாலின் அருமையை மருத்துவ உலகம் வற்புறுத்துவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சட்டமாக எழுதி வைத்தவர்கள்! ஆனால் தாயை அவர்கள் ஒரு பாத்திரமாகக் கருதவில்லை. உரிமையுள்ள மனுஷியாகக் கருதினார்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களே தம் அன்னையல்லாத ஒருவரின் பாலருந்தி வளர்ந்தவர்கள். பனூ ஸஅது குலத்து ஹலீமா அம்மையாரின் மடியில் வளர்ந்ததால் ஆமினா அம்மையாரின் தாய்மை குறைந்து போயிற்றா? தொழுகையில் நிற்கும்போது ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொண்டார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். இதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. ஒரு குழந்தை அழுதபோது மஸ்ஜிதுந் நபவியின் தொழுகையே தன்னை மாற்றிக் கொண்டது. தாயே, நீ ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நம் மஹல்லா எதை மாற்றிக் கொண்டது?

ரொட்டி சுட்டவர்களும் அழுகையைக் கேட்டவரும்

தாய்மார் ஒருவரையொருவர் தாங்குவது இன்று தோன்றிய புதுமையன்று. அபூபக்ர் (ரலி) அவர்களின் புதல்வி அஸ்மா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். நிறைமாதக் கர்ப்பிணியாக ஹிஜ்ரத் செய்து, குபாவில் அப்துல்லாஹ்வை ஈன்றவர். மதீனா வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் அவர் பட்ட பாட்டை அவரே சொல்லி புகாரியில் பதிவாகியிருக்கிறது. கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் ஒரு குதிரையையும் நீர் இறைக்கும் ஒட்டகத்தையும் தவிர வேறொன்றுமில்லை. குதிரைக்குத் தீனி வைப்பதும், நீர் இறைப்பதும், மாவு பிசைவதும் அஸ்மாவின் வேலை. தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார். அவருக்கு நன்றாக ரொட்டி சுட வராது. அண்டையிலிருந்த அன்ஸாரிப் பெண்கள் அவருக்காக ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் உண்மையான பெண்கள் என்று நன்றியோடு போற்றுகிறார் அஸ்மா (ரலி). பின்னர் தந்தை அபூபக்ர் (ரலி) ஒரு பணியாளை அனுப்பினார்கள். குதிரையின் பொறுப்பு தம்மை விட்டு நீங்கியது, தமக்கு விடுதலை கிடைத்தது போலிருந்தது என்கிறார் அவர்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதல் பாடத்தை நம் பெண்கள் கற்றுவிட்டார்கள். அந்த நான்கு ஆசிரியைகள் ஒருவருக்கொருவர் ரொட்டி சுட்டுக் கொடுத்தவர்கள். இரண்டாம் பாடத்தை நம் ஆண்கள் கற்கவில்லை. அண்டை வீட்டார் ரொட்டி சுட்டார்கள், அது போதும் என்று அபூபக்ர் (ரலி) வாளாவிருக்கவில்லை. சுமையையே இறக்கி வைத்தார்கள்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் வரலாறு இதனினும் கூரியது. வணிகர் கூட்டமொன்று மதீனாவின் தொழுகைத் திடலில் தங்கியிருந்தது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் உமர் (ரலி) அன்றிரவு காவல் நின்றார்கள். ஒரு குழந்தை அழுதது. தாயிடம் சென்று, பிள்ளையைக் கவனி என்றார்கள். மீண்டும் அழுதது, மீண்டும் சென்றார்கள். மூன்றாம் முறை கடிந்தே பேசிவிட்டார்கள். தம்முடன் பேசுபவர் கலீஃபா என்றறியாத அந்தப் பெண், பிள்ளையைப் பால் மறக்கச் செய்கிறேன், உமர் பால்குடி மறந்த பிள்ளைகளுக்குத்தானே உதவித்தொகை தருகிறார் என்றாள். உரிய பருவம் வருமுன்னே பால் மறக்கச் செய்யக் காரணம் தாம் வகுத்த விதி என்பதை அக்கணமே உணர்ந்தார்கள் உமர் (ரலி). அன்றைய ஸுப்ஹுத் தொழுகையில் அவர்களின் அழுகையால் ஓதுவதே மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லையாம். பின்னர் பறையறைவித்தார்கள்: பால்குடியை நிறுத்த அவசரப்பட வேண்டாம், இனி பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு.

உமர் (ரலி) முதலில் செய்தது நாம் செய்வதைத்தான். குழந்தை அழுதது, தாயைக் கடிந்தார்கள். பின்னர் செய்தது நாம் செய்யாதது. ஏன் அழுகிறது என்று கேட்டார்கள், விடையைத் தம் விதியில் கண்டார்கள், விதியை மாற்றினார்கள். கடிந்ததோடு நின்றிருந்தால் அவர்கள் நம்மைப் போன்ற ஒருவராக இருந்திருப்பார்கள்.

சில மறுப்புரைகள்

“பெண் வீட்டில் இருப்பதல்லவா சிறப்பு?” என்பர். வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்க விரும்பும் தாயை யாரும் வெளியே இழுக்கவில்லை. அவள் சிறப்பை நாம் குறைத்தோமும் அல்லோம். அவளைக் காப்பாற்றும் கடமை கணவனுடையது. மனைவி சம்பாதித்தாலும் அந்தக் கடமை அவனை விட்டு அகலாது. அவள் சம்பளம் அவள் உடைமை. மாதம் முடிந்ததும் அந்தச் சம்பளத்தை எண்ணி வாங்கிக் கொண்டு, மாலையில் திண்ணையில் அமர்ந்து, “பிள்ளையைக் கவனிக்க மாட்டேன் என்கிறாள்” என்று முறையிடும் கணவன்மாரை நாம் அறிவோம். அவர்களிடம் கேட்க நமக்கு ஒரே கேள்விதான் உண்டு: பிள்ளை அவளுடையது மட்டுமா?

“எங்கள் உம்மாமார் வேலைக்குப் போனார்களா?” என்பர். காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் பாருங்கள். மணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பது அங்கே வழக்கம். பிள்ளை பிறந்தால் உம்மாவும், உம்மம்மாவும், தங்கைமாரும் அதே கூரையின் கீழ். குழந்தை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாறிக் கொண்டேயிருக்கும். ஒரு தாய் தனியாக ஒரு பிள்ளையை வளர்த்ததாக நம் முன்னோர் வரலாற்றில் இல்லை. இன்று மகள் சென்னையில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறாள். மருமகன் வளைகுடாவில் இருக்கிறான். மடிகள் எல்லாம் போயின, பழைய எதிர்பார்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது!

“சட்டம் இருக்கிறதே?” என்பாரும் உளர். இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரு குழந்தைகளுக்கும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் விதியாயிற்று. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதிகள் இடம் பெற்றன. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு வழங்கியது. நன்று. ஆனால் நம் பெண்களில் பலர் பணிபுரிவது பதினைந்து இருபது பேர் கொண்ட சிறு பள்ளிகளிலும், தையற்கூடங்களிலும், கடைகளிலும். 50 என்ற எண் அவர்களுக்கு எட்டாத உயரம். வீட்டில் பீடி சுற்றுபவளுக்கோ நடைமுறையில் விடுப்பு என்ற சொல்லே இல்லை. 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் பிற உணவோடு 2 ஆண்டும் அதற்கு மேலும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 26 வாரம் 6 மாதத்தோடு முடிகிறது. எஞ்சிய ஒன்றரை ஆண்டுக்கு யார் பொறுப்பு? அந்த இடைவெளியில்தான் நம் ஜமாஅத்துகள் நிற்க வேண்டும்.

செய்ய வேண்டியது

நாம் கேட்பது மாளிகையன்று. ஒவ்வொரு மஹல்லாவிலும் மக்தப் மதரஸா இருக்கிறது. காலையில் பிள்ளைகள் ஓதிவிட்டுப் பள்ளிக்கூடம் சென்றால், மாலை வரை அந்த அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. தாய்மார் பணியில் இருக்கும் நேரமும் அதுவே! ஓர் அறையைத் திறந்து விடுங்கள். தொட்டில் கட்டுங்கள். குடிநீரும் குளிர்பெட்டியும் வையுங்கள். பால் கொடுக்கத் திரையிட்ட ஒரு மூலையை ஒதுக்குங்கள். மஹல்லாவில் உள்ள விதவைகளிலும் முதிய பெண்களிலும் பொறுப்புள்ள இருவருக்குப் பயிற்சியளித்து முறையான சம்பளத்தில் அமர்த்துங்கள். “நன்மைக்காகச் செய்யட்டும்” என்று அவர்களின் உழைப்பை இலவசமாகக் கேட்காதீர்கள். உங்களுக்காகப் பாலூட்டினால் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்பது தலாக் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் தரும் கட்டளை. பெற்ற தாய்க்கே அந்த உரிமை பேசப்படும்போது பிறருக்கு இல்லாமற் போகுமா?

செலவுக்கு வழி என்ன? ஜகாத்துக்குத் தகுதியுள்ள தாய்க்கு அத்தொகையை அவள் கையிலேயே கொடுங்கள், அவள் காப்பகக் கட்டணத்தைச் செலுத்தட்டும். அறைக்கும் சாமான்களுக்கும் ஸதக்காவும் வக்ஃபு வருமானமும் உண்டு. வசதியுள்ள தாய்மார் தம் பங்கைத் தாமே தருவார்கள். நிர்வாகத்தை அந்தத் தாய்மாரிடமே விடுங்கள். கால அட்டவணையையும் கிண்ணத்தில் பெயரெழுதுவதையும் நம்மைவிட அவர்கள் நன்கறிவார்கள். பால்குடி உறவுக்கான பதிவேடு ஒன்றையும் வையுங்கள். நாளை நிக்காஹ் பேசும்போது அது நமக்கே உதவும்.

நம் பள்ளிக்கூடங்களையும் அரபிக் கல்லூரிகளையும் நடத்தும் நிர்வாகிகளுக்குத் தனியே ஒரு சொல். உங்களிடம் பணிபுரிவோர் 50 பேர் இல்லையென்ற காரணத்தால் சட்டம் உங்களை விட்டுவிடலாம். மறுமையின் கேள்விக்கு அத்தகைய எண் வரம்பு ஏதும் இல்லை. ஓர் அறை, ஒரு திரை, ஓர் ஓய்வு வேளை ஆகியவற்றைக் கொடுக்கவும் மனமில்லையென்றால், தாய்மையின் சிறப்பைப் பற்றி ஆண்டு விழாவில் பேசாதீர்கள்.

பயான் செய்யும் நம் சகோதர ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தாயைக் கடிய நா எழும்போது, அதே மூச்சில் தந்தையையும், வாரிசையும், முத்தவல்லியையும் பெயர் சொல்லி அழையுங்கள். திருமறை அழைத்த வரிசை அது. அவர்களை விட்டுவிட்டு ஒருத்தியை மட்டும் அழைப்பது வசனத்தைப் பாதியில் நிறுத்துவதாகும்.

அந்தக் கணித ஆசிரியை இப்போது வீட்டில் இருக்கிறார். அவர் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது. தம் ராஜினாமாவைப் பற்றி அவர் யாரையும் குறை சொல்லவில்லை. மற்ற மூவரும் இன்றும் அவர் வீட்டுக்குச் சென்று வருகிறார்கள், இடம் ஏற்பட்டால் திரும்பி வா என்று சொல்லிக் கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் வாக்களித்தவாறு அவர் திரும்பி வரும் நாளில், அந்தக் குழந்தையை ஏற்க ஒரு தொட்டில் நம் மதரஸாவின் அறையில் கட்டப்பட்டிருக்குமா? அடுத்த ஜமாஅத்துக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை முதற் பொருளாக வைக்குமாறு நாம் எழுதிக் கொடுத்துவிட்டோம். முன்பு வாய் திறவாதிருந்ததற்கு அது ஒரு சிறு பரிகாரம். உங்கள் மஹல்லாவில் எழுதிக் கொடுக்கப் போகிறவர் யார்?

அழுகுரலைக் கேட்டதும் தாயைத் தேடாமல் தன் கடமையைத் தேடுகிற உள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.